ஜாக்கெட் தையலிலிருந்து இரண்டாம் ராத்திரி வரை: முதல் பிரசவத்துக்கு ஒரு தாய்ப்பால் முன்தயாரிப்பு – நிகழ்வு ஆய்வு

34ஆம் வாரத்தில் வந்தார். வளைகாப்பு முடிந்து திருப்பூரிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருந்ததால் பி.பி. பட்டையைச் சுற்றுவதற்கே அவற்றை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது. வயது 24, முதல் கர்ப்பம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஏழாம் மாதம் வரை போயிருக்கிறார்.

நான் கரிசல் மண்ணில் உள்ள ஓர் ஊரில் மகப்பேறு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். தாய்ப்பால் ஆலோசனையும் என் தலையில்தான். ஊர்ப் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர் இங்கே வேண்டாம்; அந்தப் பெண்ணை யாரென்று கண்டுபிடித்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நன்றாக முடிந்த கேஸ்தான் இது. நடுவில் மூன்று நாள் கையைவிட்டுப் போகப் பார்த்தது, அதில் என் பங்கும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பம் முழுக்க ஓர் ஊரில் அட்டை போட்டு, ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்திருப்பார்கள். பிரசவம் இன்னோர் ஊரில். கர்ப்பத்தை அரசுக் கணக்கில் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் கூடவே வந்துவிடும். அங்கே யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வராது. தாய்ப்பால் பற்றி யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று கேட்டேன். "சார்ட் ஒட்டியிருந்துச்சு சிஸ்டர்" என்றார். வேலையிடத்தில் கூட இருந்த ஓர் அக்கா மட்டும், காம்பு உள்ளே போயிருந்தால் பால் வராது, தினமும் எண்ணெய் தொட்டு இழுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

முதல் சந்திப்பு

நான் எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன்: "ஜாக்கெட்டைப் பிரிச்சுவிட்டீங்களா?"

சிரித்துவிட்டார். அஞ்சாம் மாதம் ஒரு தையல், வளைகாப்புக்கு முன்னால் இன்னொரு தையல். இரண்டு தையலும் பிரித்தாகிவிட்டது. மார்பு பெரிதானதா என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்; தையல்காரரிடம் போனீர்களா என்று கேட்டால் பதில் சரளமாக வரும். கர்ப்பத்தில் மார்பு வளர்ந்திருக்கிறது என்றால் உள்ளே பால் சுரப்பிகள் தயாராகின்றன என்று அர்த்தம். துளிகூட மாற்றமே இல்லை என்று சொல்பவர்களை மட்டும் நான் தனியாகக் குறித்துவைத்து, பிரசவமான பிறகு குழந்தையின் எடையைக் கூடுதலாகக் கவனிப்பேன்.

மற்றவை: தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை, ஒழுங்காகப் போடுகிறார். சர்க்கரை இல்லை. ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் பண்ணுகிறது என்று வாரத்துக்கு மூன்று நாள் விட்டுவிடுகிறார். அதை டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினோம். மார்பில் அறுவை எதுவும் நடந்ததில்லை.

காம்பைச் சோதித்தேன். பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. காம்பைச் சுற்றியுள்ள கருமைப் பகுதியின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மெல்ல அழுத்தினால் காம்பு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். வலது பக்கம் தட்டையாகத் தெரிந்தது, அழுத்தினதும் எழும்பி வந்தது. அது பிரச்சினையே இல்லை. இடது பக்கம் அழுத்த அழுத்த உள்ளே போனது.

இழுப்பதை நிறுத்தச் சொன்னேன். கர்ப்பத்திலேயே காம்பை இழுத்துப் பழக்குவது, உள்ளே கிண்ணம்போல ஒன்றை வைத்துக்கொள்வது, இதெல்லாம் ஒரு காலத்தில் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. இதை வைத்து நடந்த இரண்டு முறையான சோதனைகளின் முடிவு 1992இலும் 1994இலும் வெளிவந்தது. இரண்டிலும் பலன் எதுவும் தெரியவில்லை. இழுக்க இழுக்க கர்ப்பப்பை சுருங்குவதற்கும் வாய்ப்பு உண்டு. குழந்தை காம்பை மட்டும் சப்புவதில்லை. கருமைப் பகுதியில் பெரும்பங்கையும் சேர்த்து வாய் நிறைய எடுத்துக்கொண்டுதான் குடிக்கிறது. இடது பக்கத்தைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வலது பக்கம் அதுவரை தாங்கும் என்றேன். நம்பினாரா தெரியவில்லை. ஆனால் எண்ணெய் போடுவது நின்றது.

அன்று சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். ஒன்று, பால் எப்படி வருகிறது என்பது. கர்ப்பத்தின் பாதியிலிருந்தே சீம்பால் ஊறத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரொஜெஸ்டிரோன் இறங்குகிறது, அந்த இறக்கம்தான் நிறையப் பால் சுரக்க முதல் கட்டளை. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால் மட்டும். முதல் நாளில் ஒரு தடவைக்கு 2இலிருந்து 10 மில்லி வரைதான். வீட்டில் டீ கலக்கும் கரண்டியைக் காட்டி, இது 5 மில்லி என்றேன். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான், பிள்ளைக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வேண்டும்.

இரண்டாவது, பிடிக்கும் பழக்கம். பொம்மை எங்களிடம் ஒன்று உண்டு, கை உடைந்தது, எடையே இல்லாதது. அதைக் கொடுத்தால் எல்லோரும் அழகாகப் பிடித்துக் காட்டுவார்கள். அதனால் நான் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையில் இரண்டே முக்கால் கிலோ அரிசி கொண்டுவருவேன். அதை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காரச் சொல்வேன். இரண்டாம் நிமிடத்திலேயே இவர் முன்னால் குனிந்துவிட்டார், தோள் காதருகே ஏறிவிட்டது. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கைக்கு ஒரு தலையணை வைத்ததும் பை மேலே வந்தது. மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள், பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள் என்று நூறு தடவை சொல்வதை அரிசிப்பை ஒரே தடவையில் சொல்லிவிடும்.

போகும்போது, ஆன்லைனில் பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 2,500 ரூபாய், வாங்கவா என்று கேட்டார். இப்போது வேண்டாம், அந்தக் காசுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு எடுங்கள், அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிவாருங்கள் என்று அனுப்பினேன்.

ஆச்சியின் சீம்பால்

36ஆம் வாரத்தில் அம்மாவோடு வந்தார். பிள்ளைக்கு ஆச்சி ஆகப்போகிறவர் என்பதால் இங்கே ஆச்சி என்றே எழுதுகிறேன். வயது என்னவோ 47தான், தீப்பெட்டி ஆபீஸில் வேலை.

எங்கள் பக்கத்தில் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் பேரெடுத்த ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் அது ஒரு பெரியம்மைக்கு (பெரியம்மாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) என்று முடிவாகியிருந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆச்சி அன்றே எழுந்து போயிருப்பார். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், ஒரு வயதுக்குள் குடலில் அது முளைத்தால் பிள்ளையின் தசையெல்லாம் துவண்டுபோகும், அதனால் ஒரு வருஷம் தேன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சேனை வைக்கிற பெரியம்மை பிள்ளையின் நெற்றியில் விரலை வைத்து ஆசீர்வாதம் பண்ணட்டும், குணம் அதில் வராதா என்றேன். யோசித்தார்.

சீம்பால் பேச்சு வந்தபோது ஆச்சியே தொடங்கினார். "எனக்கு இவ பிறந்தப்ப மூணு நாளு பாலைப் பீச்சி மண்ணுலதான் விட்டாக. கெட்ட பாலுன்னுட்டு."

நான் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் மெதுவாக, "நம்ம மாடு கன்னு போட்டா சீம்பாலை என்னம்மா பண்ணுவோம்?" என்று கேட்டாள்.

"அடுத்த வீடு, எதுத்த வீட்டுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுப்போம்." கொஞ்ச நேரம் கழித்து, "பசுவுக்கு வர்றதுக்கு அடிச்சிக்கிடுதோம். நம்ம பிள்ளைக்கு உள்ளத மண்ணுல விட்டுருக்கோம்" என்றார். நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சில் அந்த வரி இருந்ததே இல்லை. இப்போது இருக்கிறது.

ஆச்சியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பிள்ளை பிறந்ததும் துணியில் பொதிந்து வைக்காமல் தாயின் நெஞ்சோடு வெறும் உடம்பாகப் போடவேண்டும், சூடும் கிடைக்கும், பிள்ளை தானாகவே மார்பைத் தேடும். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னார்.

மூன்றாவது சந்திப்பு 38ஆம் வாரத்தில் என்று குறித்திருந்தேன். அன்று ஊரில் கோயில் கொடை. வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

என் தாளில் இல்லாதவை

நான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு தாள் கொடுப்பேன். ஒரு மணி நேரத்துக்குள் பால், 24 மணி நேரத்தில் 8இலிருந்து 12 தடவை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், பிறகு இணை உணவோடு இரண்டு வருஷமும் அதற்கு மேலும். எல்லாம் சரியானவை, உலக சுகாதார நிறுவனம் சொல்பவை. அந்தத் தாளில் சிசேரியன் என்ற சொல்லே இல்லை.

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் இன்னும் அதிகம். அதே கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது 55.1 சதவீதம். நூற்றுக்கு 45 பேர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற மாநிலத்தில், எல்லோரும் தானாகப் பெற்றெடுத்து எழுந்து உட்காரப்போகிறார்கள் என்று நினைத்துத் தாள் அடித்திருக்கிறேன்.

39 வாரம் 3 நாளில் வலி எடுத்தது. பதினான்கு மணி நேரம். தலை இறங்கவில்லை. நள்ளிரவு தாண்டி 2:40க்கு முதுகில் ஊசி போட்டு சிசேரியன். பெண் குழந்தை, 2,880 கிராம், பிறந்ததும் அழுதது. முதுகு ஊசியில் தாய் விழித்துத்தான் இருப்பார்; நினைத்தால் தியேட்டரிலேயே பிள்ளையை நெஞ்சில் போட முடியும். அன்று அங்கே இருந்தவர்களுக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது. பிள்ளையைத் துடைத்து, பொதிந்து, வெளியே ஆச்சி கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்தேன். வராண்டாவின் கடைசி பெஞ்சில் ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியம்மை, மடியில் மூடிபோட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர். பிள்ளையைக் காணோம். நெருங்கிப் பார்த்தால் ஆச்சியின் ஜாக்கெட் கொக்கி இரண்டு திறந்திருந்தது. பிள்ளை முந்தானைக்குள், அவர் நெஞ்சோடு நெஞ்சாக, உச்சந்தலை மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதான நெஞ்சோட போடச் சொன்னீக. அவ உள்ள கெடக்கா. அதான் நான் போட்டுக்கிட்டேன்."

வெப்பம் பார்த்தேன், 36.8. டம்ளர் திறக்கப்படவே இல்லை. பெரியம்மை கொஞ்சம் கோபமாக இருந்தார்.

தாயை அப்போதுதான் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கால் இன்னும் மரத்திருந்தது, சிறுநீர்க் குழாய், ஒரு கையில் சலைன். அரிசிப்பையை வைத்து உட்கார்ந்த நிலையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. தலையை லேசாக உயர்த்தி, பிள்ளையைத் தோள் பக்கத்திலிருந்து குறுக்காக, கால்கள் தையல் மேல் படாதபடி நெஞ்சின் மேல் கிடத்தினோம். பத்து நிமிடம் முகர்ந்துகொண்டே கிடந்தது. பிறகு தலையை ஆட்டி ஆட்டி வலது பக்கம் வாயைப் பெரிதாகத் திறந்து பற்றியது. மணி 7:35. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

இடது பக்கம் பற்றவில்லை. 20 மில்லி சிரிஞ்சில் ஊசி மாட்டும் முனையை பிளேடால் வெட்டி, உள்தண்டை வெட்டிய பக்கத்திலிருந்து சொருகி, வெட்டாத மழமழப்பான விளிம்பை மார்பில் வைத்து மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். முப்பது நொடி, ஒரு நிமிடம், வலிக்கக்கூடாது. உடனே பிள்ளையைப் போட வேண்டும். முதல் நாள் நாலு தடவை செய்தோம். வந்த காம்பு பிள்ளை வாயருகே போவதற்குள் உள்ளே போனது. கையால் பீச்சி கரண்டியில் எடுத்தோம். இரண்டு மில்லி, மஞ்சள் நிறம், பசைபோல. ஆச்சி அதைச் சங்கில் ஊற்றி ஒரு சொட்டு சிந்தாமல் புகட்டினார்.

இரண்டாம் ராத்திரி

அப்பத்தா இரண்டாம் நாள் மாலை திருப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளிக் கொலுசு, புதுத்துணி, ஒரு டப்பா பால் பவுடர். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று 1992இலேயே சட்டம் வந்து 2003இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கிவரும் பாட்டியை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆபரேஷன் ஆன மருமகளுக்குப் பால் ஊறாது என்று யாரோ சொல்ல, அவர் அக்கறையில் வாங்கி வந்திருக்கிறார். நான் ஆச்சியை உட்காரவைத்துப் பேசினேன். அப்பத்தா இருக்கிறார் என்று நினைக்கவே இல்லை.

முதல் நாள் நன்றாகத் தூங்கும் பிள்ளை இரண்டாம் ராத்திரியில் வேறு பிள்ளையாகிவிடும். பற்றும், பத்து நிமிடம் குடிக்கும், தூங்கும், கீழே வைத்தால் வீறிடும், மறுபடி தேடும். விடிய விடிய. இது பால் இல்லாததால் அல்ல. அடிக்கடி சப்பிச் சப்பித்தான் பிள்ளை நாளைய பாலுக்குச் சொல்லிவைக்கிறது. சப்பச் சப்பப் புரோலாக்டின் கூடும், ராத்திரியில் அது இன்னும் அதிகம். வார்டில் இருக்கும் எங்களுக்கு இது தினசரிக் காட்சி. அதனாலேயே சொல்ல மறந்துபோகிறோம்.

மறுநாள் காலையில் நான் கேட்டறிந்தது இது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் பிள்ளை நிற்காமல் அழுதது. அப்பத்தா, "ஏனுங்க, கொழந்தைக்குப் பசி அடங்கலீங்க, இப்புடி அழுகுதே, பச்ச ஒடம்பு தாங்குமாங்க" என்று போய் நின்றிருக்கிறார். ஆச்சி, "நர்சம்மா வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். தாய் தையல் வலியில் புரளமுடியாமல் அழுதுகொண்டிருந்தார். டியூட்டியில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, முப்பது பேருக்கு ஒருத்தி, "சரி, கொஞ்சம் கொடுங்க" என்றிருக்கிறாள். 2:15க்கு 30 மில்லி பவுடர் பால். பிள்ளை ஐந்து மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கியது.

அந்த 30 மில்லியில் பிள்ளைக்குக் கேடு ஒன்றும் வந்துவிடவில்லை. கேடு அடுத்து நடந்ததில். ஐந்து மணி நேரம் மார்பு காலியாகவில்லை. பிள்ளை தூங்கியதைப் பார்த்ததும் வார்டு முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: பால் பத்தவில்லை. தாயும் அதையே நம்பினார். காலையில் நான் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு இல்ல சிஸ்டர். நீங்க இருக்கும்னு சொன்னீங்க."

48 மணி நேரத்தில் எடை 2,660. மூன்றாம் நாள் 2,620; பிறந்த எடையில் 9 சதவீதம் இறங்கியிருந்தது. 7 சதவீதம் வரை பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை, 10ஐ நெருங்கினால் கவனிக்க வேண்டும். சிசேரியனில் தாய்க்கு ஏற்றும் சலைனால் பிள்ளையும் கொஞ்சம் நீர் சேர்த்து எடை கூடிப் பிறக்கும், முதல் நாள் அது மூத்திரமாக வெளியேறிவிடும். இறக்கத்தில் ஒரு பங்கு அதனால் இருக்கலாம். அதை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. முகத்தில் மஞ்சள் லேசாகத் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; விளக்கில் வைக்கும் அளவுக்கு இல்லை.

டாக்டரோடு பேசி இப்படி முடிவு செய்தோம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தூங்கினாலும் துணியை அவிழ்த்து உள்ளங்காலைத் தடவி எழுப்புவது. வலது பக்கம் குடிக்கும்போது மார்பை அழுத்திக் கொடுத்து விழுங்கச் செய்வது. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் இரண்டு பக்கமும் கையால் பீச்சி, வந்ததைச் சங்கில் கொடுப்பது. மாலை எடையிலும் முன்னேற்றம் இல்லை என்றால் பவுடர் பால், ஆனால் அளவு நாங்கள் சொல்வது, பாட்டில் இல்லாமல். வலிக்கு மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னேன். வலி தாங்காமல் கிடக்கிற தாய்க்கு ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்குவது கஷ்டம். இது பெரிய ரகசியமில்லை, எழுதிப்போட்ட மாத்திரை தலையணைக்கு அடியில் கிடந்தது. பாலில் போகும் என்று பயந்து போடாமல் வைத்திருந்தார். அந்த மாத்திரையைத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, பிள்ளை மூத்திரம் போனால் ஒரு கோடு, வெளிக்குப் போனால் ஒரு வட்டம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, நாலு ஐந்து நாளில் ஆறுக்கு மேல் வரவேண்டும். கறுப்பாகப் போவது பச்சையாகி மஞ்சளாக வேண்டும். வயிற்றுக்குள் போனதைப் பார்க்க முடியாது, வெளியே வருவதை எண்ணலாமே. அவர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டைக் கணக்கு எழுதினவராம். கோடுகள் ஒரே உயரத்தில், பக்கத்தில் நேரத்தோடு இருந்தன. மூன்றாம் நாள் மூன்று கோடு. நாலாம் நாள் ஐந்து. ஐந்தாம் நாள் காலை என்னைக் கண்டதும் தாளைத் தூக்கிக் காட்டினார்: ஏழு.

நாலாம் நாள் விடிகாலையில் பால் இறங்கியது. ஒரேயடியாக. இரண்டு பக்கமும் கல்லாகக் கட்டிக்கொண்டது. இடது பக்கம் வீங்கி, இருந்த கொஞ்சக் காம்பும் மறைந்துவிட்டது. வார்டில் யாரோ மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார்கள், வலி குறையும் என்று. ஓடிப்போய்த் தடுத்தேன். மல்லிகை பால் வற்றுவதற்குக் கட்டுவது, குழந்தை தவறிப்போன வீட்டில் செய்வது. அது உண்மையிலேயே பாலைக் குறைக்கிறது என்று 1988இல் நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றே வந்திருக்கிறது. இவருக்குச் செய்தது வேறு. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து ஒரு நிமிடம் நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பிடித்தால் வீக்கம் பின்னுக்குப் போய்க் கருமைப் பகுதி இளகும். இளகியதும் சிரிஞ்ச், உடனே பிள்ளை. மடியில் போடாமல் கக்கத்தில் இடுக்கி, கால் பின்னால் போகும்படி பிடித்தோம். தையலுக்கும் அதுதான் நல்லது. மூன்றாவது முயற்சியில் இடது பக்கம் பற்றியது. விழுங்கும் சத்தம் கேட்டது. தாய் என்னைப் பார்க்காமல் பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் 2,690. அனுப்பிவைத்தோம்.

வீட்டில்

பத்தியச் சாப்பாட்டில் எனக்குச் சண்டை இல்லை. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, எல்லாம் நல்ல சாப்பாடு. பாலைக் கூட்டுவது பூண்டா, அடிக்கடி காலியாகும் மார்பா என்று கேட்டால் மார்பு என்பேன். அதற்காகப் பூண்டை ஏன் பறிக்க வேண்டும். தண்ணீரில்தான் தகராறு. வயிறு பெருத்துவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான் கொடுத்திருக்கிறார்கள். தாகத்துக்குக் குடிக்கட்டும் என்று ஆச்சியிடம் போனில் கெஞ்சி வாங்கினேன்.

எட்டாம் நாள் வலது காம்பில் வெடிப்பு. வீட்டில் தரையில் பாய் போட்டு, சுவரில் சாயாமல், குனிந்து கொடுத்திருக்கிறார். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போனபோது பார்த்துச் சரிசெய்தார். தலையணை இரண்டு, அவ்வளவுதான். 11ஆம் நாள் 2,890. பிறந்த எடையைத் தாண்டியாகிவிட்டது. வைட்டமின் டி சொட்டு மருந்து, நாளுக்கு 400 அலகு, எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாங்காமல் இருந்தார்கள், வாங்கவைத்தோம். 42ஆம் நாள் 3,880. பவுடர் டப்பா மிச்சத்தோடு அலமாரியில் இருந்தது. அப்பத்தா அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் டீயில் கலந்து காலிசெய்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மூன்றாம் மாதம் திருப்பூர் போனார்கள். அங்கே வேறு கதை. சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்தவருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டில், சனிக்கிழமைச் சம்பளத்தில், காண்ட்ராக்டர் பேரில் இருப்பவருக்கு இதெல்லாம் எவ்வளவு கைக்கு எட்டும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐந்தாம் மாதம் போன் செய்தார்: பால் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே நாலு மணி நேரம், வெயில் காலத்தில் அதையும் நம்பாதீர்கள், ஃபிரிட்ஜில் நாலு நாள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள் என்றேன். பம்ப்பை அப்போதுதான் வாங்கினார்.

இப்போது தாளில் மூன்று சேர்த்திருக்கிறேன். சிசேரியன் ஆனால் எப்படிப் படுத்துக்கொண்டே கொடுப்பது, கோட்டுப்படத்தோடு. இரண்டாம் ராத்திரி என்ன நடக்கும். வெளியூரிலிருந்து யார் வருவார்கள், அவர் போன் நம்பர். அரிசிப்பையோடு படுத்துப் பழகவும் சொல்லிக்கொடுக்கிறேன். தியேட்டரில் நெஞ்சோடு போடுவதற்கு மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பகலில் நடக்கும் ஆபரேஷன்களில் நடக்கிறது, ராத்திரியில் இன்னும் இல்லை.

ஜாக்கெட் கேள்விக்கு அடுத்தபடியாக, ராத்திரியில் ஆபரேஷன் ஆகி நீங்கள் உள்ளே இருந்தால் வெளியே பிள்ளையை யார் நெஞ்சோடு வைத்துக்கொள்வார்கள் என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண், அம்மா இல்லை, வீட்டுக்காரர்தான் என்றார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவரிடம், சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், வராண்டாவில் எல்லோரும் பார்ப்பார்கள், பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"நெஞ்சுல முடி இருக்கு சிஸ்டர். பிள்ளைக்குக் குத்தாதா?"

குத்தாது என்றேன்.